கெண்டைக்கால் வலியும் இரத்தக் கணக்கும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு நாம் கால் வலியைப் பற்றிப் பேச நிற்கிறோம். நிகழ்ச்சி நிரலில் இத்தலைப்பைக் கண்ட அன்பர் சிலர், "கணக்குப் பிரிவில் அமர்ந்திருப்பவருக்கு வைத்தியம் எங்கிருந்து வந்தது?" என்று வினவியதாக அறிந்தோம். வினா நியாயமானதே. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு வைத்தியம் தெரியாது. காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கத் தெரியும். அந்த ஒரு தொழிலறிவே நம்மை இப்பொருளுக்கு இழுத்து வந்தது. எவ்வாறு என்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

நம் காலனியில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். நீராவி இஞ்சின்கள் ஓடிய காலத்தில் லோகோ ஷெட்டில் பணி தொடங்கி, 2008இல் ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டா, இங்கு அமர்ந்திருப்போரில் பலர் அவரை அறிவீர்கள். ஞாயிறுதோறும் காலையில் நம்முடன் நிலையம் வரை நடந்து வந்து, பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்று, தேநீர் அருந்தித் திரும்புவார். நம் கரக்பூர் பிளாட்பாரத்தின் நீளம் 1072 மீட்டர் என்பதைப் புதிதாக வருவோர்க்கெல்லாம் முதலில் சொல்பவர் அவரே. 2013இல் கோரக்பூரில் 1366 மீட்டர் நீளத்திற்குப் பிளாட்பாரம் அமைந்து, உலகிலேயே நீளமானது என்று நம் ஊர் நெடுங்காலம் கொண்டிருந்த பெருமை பறிபோனபோது, தம் சொந்த நிலத்தைப் பங்காளி கைப்பற்றியதுபோல் வருந்தினார். 2023இல் ஹுப்பள்ளி 1507 மீட்டரோடு கோரக்பூரையும் முந்தியதைக் காண அவர் இல்லை.

அந்த 2013ஆம் ஆண்டிலேதான் அவர் நடுவழியில் நிற்கத் தொடங்கினார். பாதித் தூரம் சென்றதும் வலக் கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். ஒரு பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு மூன்று நிமிடங்களில் வலி முற்றும் விட்டுவிடும், மீண்டும் நடப்பார். அடுத்த ஆண்டு கால் தூரத்திலேயே நின்றார். நாம் சும்மா இருந்தோமா? "என்ன ஐயா, கைகாட்டி இறங்கவில்லையா?" என்று கேலி செய்வோம். "இஞ்சின் பழையது தம்பி, தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பும்" என்பார். வாயு என்றார் ஒருவர். முதுமை என்றார் இன்னொருவர். நாம் தைலம் வாங்கிக் கொடுத்தோம். 2016இல் கால் விரலில் ஒரு புண் ஆறாமல் போகவே, வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். தொடைத் தமனி அடைபட்டிருந்தது. பலூன் விட்டு விரித்துக் கம்பிவலைக் குழல் பொருத்தினர். புண் ஆறியது. அவர் மீண்டும் பிளாட்பாரம் முழுவதும் நடந்தார். நாமெல்லாம் இனிப்பு வழங்கிக் கொண்டாடினோம். 2018 அக்டோபரில் ஒரு விடியற்காலை மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 70.

குடும்ப ஓய்வூதியக் காகிதங்களைச் சரிசெய்து தருமாறு அவர்தம் துணைவியார் நம்மிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். அதில் பணி ஆவணங்களோடு, ஒன்பது ஆண்டுகளின் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் கலந்து கிடந்தன. பழக்க தோஷத்தால் அவற்றையும் தேதி வாரியாக அடுக்கினோம். அடுக்கி முடித்தபோது நமக்கு உடல் நடுங்கியது. ஒவ்வொரு சீட்டையும் தனியே பார்த்தால் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. வரிசையாகப் பார்த்தால், 2018ஆம் ஆண்டை நோக்கி ஒரு வண்டி நிலையம் நிலையமாக வந்துகொண்டிருந்தது. அன்றுமுதல் இப்பொருளைப் பற்றி டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் இந்த நோய் யாது? நடக்கும்போது கால் தசைக்கு இரத்தம் பன்மடங்கு தேவைப்படுகிறது. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகிவிட்டால், ஓய்வில் வரும் இரத்தம் போதும், நடைக்குப் போதாது. தசை வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலி நிற்கிறது. மூட்டு வலியோ எழுந்த முதல் அடியிலேயே வலிக்கும். இதுவோ குறிப்பிட்ட தூரம் சென்றபின் வந்து, நின்றதும் போகும். இந்த ஒழுங்கே இதன் அடையாளம்.

இதனை முதலில் கண்டது மனிதரிடத்தில் அன்று. 1831இல் பாரிஸ் நகரில் பூலே என்னும் கால்நடை வைத்தியர், வண்டி இழுக்கும் ஒரு குதிரை சிறிது தூரம் ஓடியதும் நொண்டுவதையும், ஓய்வளித்தால் சரியாகி மறுபடி ஓடுவதையும் கண்டார். அது இறந்தபின் அறுத்துப் பார்த்தார்; பின்னங்கால்களுக்குச் செல்லும் தமனிகள் அடைபட்டிருந்தன. மனிதரிடம் இதே நிலையை 1858இல் விவரித்தவர் புகழ் பெற்ற ஷார்கோ. அவர் கண்ட நோயாளி, பழைய குண்டுக் காயத்தால் இடுப்புத் தமனி கெட்ட ஒரு முன்னாள் படைவீரர். குதிரைக்கு வந்தபோதே வைத்தியர் ஒருவர் காரணம் தேடினார். நம் பெரியவருக்கு வந்தபோது நாம் கேலி செய்தோம். இது நிற்க.

அன்பர்களே, காலில் வந்த நோய்க்கும் மாரடைப்பிற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் நாட்டின் வரலாற்றோடு சேர்ந்த ஒருவரின் கதையே இதற்கு விடை. ஆறாம் ஜார்ஜ் மன்னர், 1950 ஜனவரி 26இல் நாம் குடியரசாகும் வரை நம் நாட்டிற்கும் மன்னராயிருந்தவர். ஓயாது சிகரெட் புகைத்தவர். 1948இல் அவருக்குக் கால்களில் குறக்களி போன்ற வலி கண்டது. நவம்பரில் பேராசிரியர் லியர்மந்த் என்னும் ஸ்காத்லாந்துத் தமனி நிபுணர் சோதித்தார். காலையே எடுக்க நேருமோ என்று அஞ்சினர். ஆஸ்திரேலியப் பயணம் ஒத்திவைக்கப்பட்டது. 1949 மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே, கால் தமனிகள் விரியும் பொருட்டு இடுப்பு நரம்பில் அறுவை செய்யப்பட்டது. கால் பிழைத்தது. 1951 செப்டம்பரில் ஒரு நுரையீரல் அகற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 6ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. இதயத் தமனியில் இரத்தம் உறைந்ததே காரணம். வயது 56தான். உலகின் தலைசிறந்த கைகள் காலைக் காத்தன. ஆனால் தமனி என்பது காலுக்கு மட்டும் உரியதன்று. ஒரே குழாய் மரம் உடல் முழுதும் கிளைத்திருக்கிறது. காலில் படிந்தது இதயத்திலும் மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியிலும் படியாமல் இருக்குமா?

ஒருவர் கதையைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பது கணக்கர் தொழிலின் பாலபாடம். ஆகவே எண்களைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் சராசரி 66 வயதுடைய ஆடவரையும் பெண்டிரையும் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, 1992இல் முடிவை வெளியிட்டனர். கால்களின் பெரிய தமனிகளில் நோயிருந்த ஆடவர் 34 பேரில் 21 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். நோயில்லாத ஆடவர் 183 பேரில் இறந்தவர் 31 பேர். நூற்றுக்கு 62 எங்கே, 17 எங்கே! பெண்டிரிலும் நோயுற்றோர் நூற்றுக்கு 33, மற்றோர் 12. நடந்தால் கால் வலிக்கும் நோயாளர் 100 பேரை ஐந்தாண்டு தொடர்ந்தால், 70 முதல் 80 பேரின் கால் ஏறத்தாழ இருந்தபடியே இருக்கும். காலை இழக்கும் அபாய நிலைக்குச் செல்வோர் ஒருவர் அல்லது இருவர். ஆனால் ஏறக்குறைய 20 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருகிறது. 10 முதல் 15 பேர், சில கணக்குகளில் அதற்கும் மேற்பட்டோர், இறக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுசெல்வது இதயமும் மூளையுமே. சர்க்கரை வியாதியுள்ளவர்க்குக் காலின் அபாயமும் கூடுதல் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாமோ காலைப் பற்றியே அஞ்சினோம். கால் சரியானதும் இனிப்பு வழங்கினோம்.

இந்நோயைக் கண்டறியும் முறை மிக எளிது. கையில் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் கணுக்காலிலும் பார்க்கிறார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 1க்கு அருகிலோ சற்று மேலோ இருக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழானால் நோய் உண்டு என்று பொருள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் 0.60. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இம்முறை 1950 முதலே அறியப்பட்டது, காசும் அதிகமில்லை, வலியுமில்லை. ஆயினும் நம்மில் எத்தனை பேருக்குக் கணுக்காலில் அழுத்தம் பார்த்திருக்கிறார்கள்? ஒரு எச்சரிக்கை உண்டு. நெடுநாள் சர்க்கரையாலோ சிறுநீரக நோயாலோ தமனிச் சுவர் சுண்ணமேறிக் கல்லாகிவிட்டால், எண் 1.40க்கு மேல் காட்டும். அது ஆரோக்கியமன்று, குழாய் அழுங்கவில்லை என்பதே பொருள்.

மேலும் ஒன்று. நூல்களில் எழுதியுள்ளபடி கெண்டைக்கால் வலி எல்லோர்க்கும் வருவதில்லை. நோயிருந்தும் அவ்வலி காணாதவரே மிகுதி. சர்க்கரையால் நரம்பு மரத்தவர்க்கு வலி தெரியாது. இன்னும் சிலர் வலி வரும் தூரத்திற்கு நடப்பதே இல்லை. தாய்மார்களே, இது உங்களுக்காகச் சொல்வது. அடுப்படிக்கும் கூடத்திற்குமாக நாளெல்லாம் நடந்தாலும், ஒரே மூச்சில் முந்நூறு அடி நடக்காத பெண்மணிக்குத் தம் கால் தமனி குறுகியிருப்பது எவ்வாறு தெரியும்?

இனி இரத்தக் கணக்கிற்கு வருவோம். பெரியவர் பையிலிருந்த சீட்டுகளையே திறந்து வைத்துக்கொள்வோம். அவர் துணைவியாரின் இசைவோடுதான் இவற்றைச் சொல்கிறோம்.

2009ஆம் ஆண்டுச் சீட்டில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. "சர்க்கரை வியாதி இல்லை" என்று மகிழ்ந்திருப்பார்கள். 100 முதல் 125 வரை வாசற்படி என்பது நமக்கு இப்போது தெரியும். அதே சீட்டில் டிரைகிளிசரைடு 210. நல்ல கொழுப்பெனப்படும் எச்.டி.எல். 34. இவ்விரண்டும் சேர்ந்து வருவது, உடல் தான் சுரக்கும் இன்சுலினுக்குச் சரிவரப் பணிவதில்லை என்பதன் குறி. நம் இந்திய மக்களிடம் உடல் மெலிந்திருந்தாலும் இக்குறி பெருவாரியாகக் காணப்படுகிறது. பெரியவரும் ஒல்லியானவரே. "கொழுப்பு இருக்க நம்மிடம் சதை எங்கே தம்பி?" என்று அவர் கேட்பதுண்டு.

2012இல் எச்.பி.ஏ.1.சி. 7.6. இந்தப் பெயரைக் கேட்டு மிரள வேண்டா. 1968இல் தெஹ்ரான் நகரில் ராபர் என்னும் ஆராய்ச்சியாளர், சர்க்கரை நோயாளரின் இரத்தச் சிவப்பணுக்களில் வழக்கத்திற்கு மாறான ஒரு ஹீமோகுளோபின் இருப்பதைக் கண்டார். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அது வாழும் நாளெல்லாம் இரத்தத்திலுள்ள சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வருகிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வந்துவிடும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்றும் நம் போன்றாரின் வித்தை இதனிடம் பலிக்காது. தணிக்கைக்கு வருமுன் ஒரே இரவில் பதிவேட்டைச் சரிசெய்வோர்க்கு இது நன்கு விளங்கும். 5.7க்குக் கீழ் இயல்பு, 6.5 முதல் சர்க்கரை வியாதி. பிரிட்டனில் நெடுங்காலம் நடந்த ஒரு பேராய்வு, இந்த எண் ஒன்று கூடுந்தோறும் கால் தமனி நோய் வரும் அபாயம் நூற்றுக்கு 28 கூடுகிறது என்று 2002இல் காட்டியது. நம் சென்னையிலும் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை இயல்பாயுள்ளோரில் நூற்றுக்கு 2.7 பேருக்கும், சர்க்கரை வியாதியுள்ளோரில் 6.3 பேருக்கும் இந்நோய் காணப்பட்டது. பெரியவரின் எண் 2015இல் 9.1. பிளாட்பாரத்தில் கால் தூரத்தில் நின்ற ஆண்டுகள் இவைதாம்.

அதே 2015ஆம் ஆண்டுச் சீட்டின் அடியில் கிரியாட்டினின் 1.4 என்று ஒரு வரி. 2009இல் அது 1.0. இந்த 0.4ஐ யார் கவனிப்பார்? 67 வயது ஆடவருக்கு 1.4 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் அளவு 55 வாக்கில் நிற்கிறது. 60க்குக் கீழ் மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். கால் தமனி நோயாளரில் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மற்றவரைவிட விரைவில் இறக்கின்றனர் என்பது மீண்டும் மீண்டும் உறுதியான செய்தி. சிறுநீரகமும் நுண்ணிய தமனிகளின் முடிச்சே அல்லவா? சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருக்கு அச்சோதனை செய்ததாகச் சீட்டில்லை.

இப்போது தீய கொழுப்பாகிய எல்.டி.எல். 2015இல் 138. 2016இல் காலுக்குச் சிகிச்சை நடந்தபின் மாத்திரை உண்டு, 2017இல் 82. எச்.பி.ஏ.1.சி.யும் 7.4க்கு இறங்கியிருந்தது. 2018 ஜனவரிச் சீட்டில் எல்.டி.எல். 141.

அந்த 141ஐ நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னர் அம்மையாரிடம் கேட்டோம். "கால் வலிதான் போய்விட்டதே, இனி மாத்திரை எதற்கென்று நிறுத்திவிட்டார் தம்பி. நாமெல்லாம் மாத்திரைக்கு அடிமையாகக் கூடாது என்று நீங்கள்கூட ஒருநாள் சொன்னீர்களாம்" என்றார். நாம் சொல்லியிருக்கலாம். தேநீர்க் கடையில் நின்று நாம் சொல்லாத வைத்தியமா?

அம்மாத்திரை ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்தது. 1970களில் ஜப்பானியரான அக்கிரா எண்டோ என்பவர் பூஞ்சைகளில் தேடித் தேடிக் கண்டெடுத்த பொருளிலிருந்து தோன்றிய குடும்பம் அது. 20,536 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் ஐந்தாண்டு உண்டோர்க்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியன ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அவர்களுள் கால் தமனி நோயாளர் 6748 பேர். அவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே நன்மை கிட்டியது. ஆகவே அந்த மாத்திரை கால் வலிக்காகத் தரப்பட்டதன்று. ஆயுளுக்காகத் தரப்பட்டது. இதனை அவருக்கு யாரேனும் தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால் என்று நாம் எண்ணாத நாளில்லை. வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து டாக்டர் சொல்வதில், "தொடர்ந்து சாப்பிடுங்கள்" என்பதுதான் நம் காதில் விழுகிறது. ஏன் என்பது விழுவதில்லை. கால் தமனி நோயாளர்க்கு எல்.டி.எல். 70க்குக் கீழ் இருப்பது நன்று என்பது டாக்டர்களின் பொதுக் கருத்து. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தார் 2019இல் 55க்குக் கீழ் என்றே வகுத்தனர். 141 எங்கே!

இவ்வளவும் கேட்டுவிட்டு, எண்களை எப்படியாவது இறக்கிவிட்டால் போதும் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டா. கைகாட்டி வேறு, தண்டவாளத்தில் கிடக்கும் பாறை வேறு. கைகாட்டியை மட்டும் இறக்கிவிட்டால் பாறை அகன்றுவிடுமா? ஹோமோசிஸ்டீன் என்றொரு பொருள் இரத்தத்தில் மிகுந்தோர்க்குத் தமனி நோய் மிகுதி என்று கண்டனர். வைட்டமின் மாத்திரைகளால் அதனைக் குறைத்தும் பார்த்தனர். எண் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. 2006இல் வெளியான பெரிய ஆய்வின் முடிவு இது. நல்ல கொழுப்பை நியாசினால் உயர்த்திய ஆய்வுகளிலும் எதிர்பார்த்த நன்மை காணவில்லை. சர்க்கரையிலோ இதைவிடக் கடுமையான பாடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 சர்க்கரை நோயாளரில் ஒரு பாதியினர்க்கு எச்.பி.ஏ.1.சி.யை 6க்குக் கீழ் இறக்க முயன்றனர். அவர்களில் 257 பேரும், மிதமாகக் கட்டுப்படுத்திய மற்றப் பாதியில் 203 பேரும் இறந்ததைக் கண்டு, 2008இல் அந்தக் கடுமுறையைப் பாதியிலேயே நிறுத்தினர். எவர்க்கு எந்த எண் பொருந்தும் என்பதை வயதும் மற்ற நோய்களும் அறிந்த டாக்டரே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணைப் பார்த்து நம் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டா.

இரத்தச் சீட்டில் அச்சாகாத எண் ஒன்றுண்டு. ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பது. பெரியவர் ஷெட்டில் பழகிய பீடியை இறுதிவரை விடவில்லை. தமனி அடைப்பிற்கு அதனினும் பெரிய நண்பன் இல்லை. இளம் வயதிலேயே பீடி, சிகரெட்டால் கை கால் விரல்களின் தமனி அடைபட்டு அழுகும் பர்கர் நோய் என்பது வேறொன்று. 1908இல் அதனை விரிவாக எழுதியவரின் பெயர் அது. நம் நாட்டில் இன்றும் அது காணப்படுகிறது. ஜர்தா போடுவோரும் தாம் தப்பிவிட்டதாக எண்ண வேண்டா. நிக்கோட்டின் புகையாக வந்தாலென்ன, இலையாக வந்தாலென்ன?

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலிக்கிறதென்று நடையை நிறுத்துவோர் பலர். முறை அதற்கு நேர்மாறானது. புண்ணோ ஓய்விலும் வலியோ இல்லாதவர், டாக்டரின் இசைவு பெற்று, வலி நன்றாக வரும்வரை நடக்க வேண்டும். நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி நின்று நின்று 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். வலியின்றி நடக்கும் தூரம் இதனால் தெளிவாகக் கூடுகிறது. பெரியவர் பெஞ்சிக்குப் பெஞ்சி நின்று நடந்தாரே, அது கேலிக்குரியதன்று. அறியாமலே அவர் செய்துகொண்ட வைத்தியம் அது. நம் கேலிக்கு வெட்கித்தான் இடையில் சில மாதம் ஞாயிறு நடைக்கு வராதிருந்தார் என்று அம்மையார் பின்னர் சொன்னார்.

ஓய்வூதிய வேலை முடிந்து பையைத் திருப்பிக் கொடுக்கச் சென்றோம். சீட்டுகளை வரிசையாகக் கட்டி, மேலே ஒரே தாளில் தேதி, சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., எல்.டி.எல்., கிரியாட்டினின் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தோம். அம்மையார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு அடுக்களைக்குச் சென்று, பருப்பு டப்பாவின் அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய சொந்தச் சீட்டு. மூன்று ஆண்டுப் பழையது, யாரிடமும் காட்டவில்லையாம். எச்.பி.ஏ.1.சி. 8.2.

மறுவாரம் நம் வீட்டார் உடன் சென்று டாக்டரிடம் காட்டினர். கணுக்கால் எண் 0.84. வலி இருந்ததா என்றால், "நாம் எங்கே நடக்கிறோம் தம்பி" என்றார். இப்போது நடக்கிறார். இன்று இந்த மண்டபத்திற்கும் நடந்தே வந்தார். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கென்று தனிக் கோப்பு ஒன்று நம் வீட்டு அலமாரியில் உள்ளது. அண்மைச் சீட்டில் எச்.பி.ஏ.1.சி. 7.1, எல்.டி.எல். 66. கிரியாட்டினின் அசையவில்லை.

சங்கத்தின் சார்பில் கணுக்கால் அழுத்தம் பார்க்க ஒருநாள் ஏற்பாடு செய்யலாம் என்று செயற்குழுவிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஐம்பது வயது கடந்தோர், சர்க்கரையுள்ளோர், புகைப்போர் முதலில் பெயர் தரலாம். வரும்போது பழைய இரத்தச் சீட்டுகளை, எந்த டப்பாவின் அடியில் இருந்தாலும், எடுத்து வாருங்கள். தேதி வாரியாக அடுக்கித் தரும் பொறுப்பு நம்முடையது.